முனியாண்டி தொட்ட தொண்டை

அத்தியாயம் 14

படுத்திருந்த பலகை மெல்ல நகர்ந்து புஷ்பவள்ளியை அந்தப் பெரிய ஸ்கேன் வளையத்துக்குள் இழுத்துக்கொண்டது. எங்கிருந்தோ ஒரு பெண்குரல் மலாயில் மூச்சை இழு என்றது, பிடி என்றது, விடு என்றது. ஒரு மிஷினுக்கே இத்தனை கணீரென்று குரல் இருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அவளுக்கும் இருந்ததுதான். புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற பெண் மண்டோர் என்றால் அவள் ஒருத்திதான். ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் நின்று அவள் பெயர் கூப்பிட்டால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருப்பவன்கூட அரைகுறையாக எழுந்து ஓடி வருவான். இப்போது ஆளுக்குப் பக்கத்தில் போய்த் தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்தால் ஓட்டை டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான் வருகிறது.

ஒன்றரை மாதத்துக்கு முந்தைய முனியாண்டி கோயில் திருவிழாவை நேரில் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அவளுடைய மகன் லோகேஸ்வரனுக்கு நாலு வருடமாக முனியாண்டி மருள் வருகிறது. மற்ற நாளில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், திருவிழாவன்று வாயில் சுருட்டும் கையில் சாட்டையுமாகச் சாமியாக நிற்பான். வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் திருநீறு போட்டான். அம்மாவின் முறை வந்ததும் சாட்டையைக் கீழே போட்டான். வலது கையால் அவள் கழுத்தைப் பிடித்தான். அவள் குதிகால் தரையை விட்டு எழும்பியது.

உறுமி இன்னும் வேகமெடுத்தது. ஊரே கைகூப்பி நின்றது. தாயின் உடம்பில் இருந்த பீடையை முனியாண்டி பிடுங்கி எடுக்கிறார் என்று பூசாரி சொல்ல, எல்லாரும் நம்பினார்கள். அவள் கண் பிதுங்கியதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. பட்டப்பகலில் ஊர் கூடி நிற்க ஒருத்தியின் கழுத்தை நெரித்தால், அதற்கு அங்கே அருள் என்று பெயர்.

அன்றோடு குரல் போயிற்று. முனியாண்டி தொட்ட தொண்டை என்று பெண்கள் வீடு தேடி வந்து அவள் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் முழுகாமல் இருந்த தன் மருமகளையே அழைத்து வந்து நிறுத்தினாள். புஷ்பவள்ளியும் பூசிவிட்டாள். வேறு என்ன செய்வாள்? கழுத்தில் விழுந்தது மகன் கை என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சாமி கை என்று நினைத்தால் இறங்கியது.

உறுத்தல் ஒன்று மட்டும் இருந்தது. திருவிழாவுக்கு முந்தின வாரம்தான் அவள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி உலு யாம் ஊருக்குப் போயிருந்தாள். மகன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து, என் மகன் கை அவன் அப்பன் கை மாதிரி, உங்கள் பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். எந்தத் தாயும் சொல்லத் துணியாத வார்த்தை. சொன்னதற்காக அவள் ஒரு நாளும் வருந்தவில்லை. அது மகன் காதுக்கு எப்போது போனது என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

வளையம் சுற்றி ஓய்ந்தது. பலகை அவளை வெளியே தள்ளியது.

டாக்டர் நிருபா சின்ன வயதுக்காரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீட்டில் பேசுகிற தமிழையே நோயாளிகளிடமும் பேசுவாள். போன முறை மூக்கு வழியாக மெல்லிய குழாயில் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, வலது பக்கத்துக் குரல் நாண் அசையவே இல்லை என்று சொன்னவள் அவள்தான். அந்த நாணை ஆட்டுகிற நரம்பு கழுத்து வழியாக நெஞ்சுப் பக்கம் இறங்கி, மறுபடி மேலே ஏறி வருகிறதாம். போகிற வழியில் எங்கே ஒரு கட்டி இருந்து அழுத்தினாலும் குரல் போய்விடுமாம். அதனால்தான் மண்டையின் அடியிலிருந்து நெஞ்சு வரைக்கும் படம் எடுக்கச் சொன்னாள். கட்டி என்ற வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

“கட்டி ஒண்டும் இல்லை அம்மா,” என்றாள் நிருபா. “நெஞ்சு சுத்தமா இருக்கு. தைரோயிட்டும் சுத்தம்.”

மகள் திலகா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கதவோரம் நின்ற லோகேஸ்வரன் கண்ணை மூடி முனியாண்டியைக் கூப்பிட்டான். திருவிழாவுக்குப் பிறகு அவன் அம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். இன்றைக்கும் லோரிக்கு லீவு போட்டுவிட்டு, சொந்தக் காரில் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிவரை கொண்டுவந்தவன் அவன்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. நோயாளியோடு தனியாகப் பேச வேண்டும், மகன் கொஞ்சம் வெளியே இருக்கலாமா என்று கேட்டாள். அவன் அசையவில்லை. பரவாயில்லை, இருக்கட்டும் என்று புஷ்பவள்ளி கையைக் காட்டினாள். அன்று அவள் செய்த முதல் தவறு அதுதான்.

நிருபா திரையைத் திருப்பினாள். கறுப்பும் சாம்பலுமாகக் கழுத்தின் குறுக்குவெட்டு. நடுவில் கேடயம் மாதிரி வளைந்து நின்றது குரல்வளையின் குருத்தெலும்பு. இடது பக்கம் ஒழுங்காக இருந்தது. வலது பக்கத்தில் ஒரு விரிசல். அந்தத் துண்டு உள்நோக்கி அமுங்கிக் கிடந்தது.

“இது விழுந்து வந்த உடைவு மாதிரி இல்லை. ஆரோ கழுத்தைப் பிடிச்சு நெரிச்சிருக்கினம்,” என்றாள். பிறகு படத்தை மேலே நகர்த்தி, தாடை எலும்பில் கோணலாகக் கூடியிருந்த இன்னொரு கோட்டைக் காட்டினாள். “இது பழசு. கன வருசத்துக்கு முந்தினது. இதுக்கும் ஒருத்தரிட்டையும் காட்டேல்லையா அம்மா?”

காட்டவில்லை. அவர்கள் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில், புருஷன் சன்னாசி குடித்துவிட்டு வந்து மணையால் அடித்த அடி அது. மூன்று வாரம் கஞ்சியைக் குடித்துக்கொண்டே பெரட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தவன் லோகேஸ்வரன். குடியை விட்டு இப்போது பள்ளிக்கூடத்தில் ஜாகாவாகக் காவல் காக்கிற சன்னாசி, தான் கை நீட்டி எத்தனையோ வருடமாயிற்று என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள். உடைத்தவன் பெருமைப்படலாம், எலும்பு மறக்கவில்லை.

லோகேஸ்வரன் திரைக்குப் பக்கத்தில் வந்தான். தாடையைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். அவன் மனதில் என்ன ஓடியது என்பதைப் புஷ்பவள்ளியால் வரி வரியாகப் படிக்க முடிந்தது. சாமி தொட்டால் நோய் போகும், எலும்பு உடையாது. எலும்பு உடைந்திருக்கிறது என்றால் உடைத்தது மனிதன். வீட்டில் எலும்பு உடைக்கிற மனிதன் ஒருவன்தான்.

“இதுவும் அப்பாவா மா?”

திலகா வாயைத் திறந்தாள். திருவிழாவில் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தவள் அவள். யார் கை என்று அவளுக்குத் தெரியும். புஷ்பவள்ளி மகளின் கையை அழுத்தினாள். சாமி என்று சொன்னால் டாக்டர் நம்பமாட்டாள். நீதான் என்று சொன்னால் பெற்ற பிள்ளை இடிந்துபோவான். மருளில் செய்தது எதுவும் தனக்கு நினைவில்லை என்று சொன்னவன் ஆயிற்றே. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது.

நிமிர்ந்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது. கார் சாவியோடு அவன் போய்விட்டான்.

போலீஸில் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியே உதவும், குரலை ஓரளவு மீட்க ஆபரேஷனும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள். எதுவும் புஷ்பவள்ளியின் காதில் ஏறவில்லை. திலகா வாசலில் கிராப் வாடகைக் கார் பிடிக்க ஓடிய நேரத்தில், அவள் நடைபாதையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

சன்னாசி எடுத்தான். “ஹலோ? யாரு?”

வீட்டை விட்டுப் போய்விடு, மகன் வருகிறான், எங்கேயாவது போ. அத்தனையும் சொன்னாள். காற்றுதான் போயிற்று.

“யாரு லா இது? பேசு லா,” என்றான். வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். விளையாடாதே என்று திட்டிவிட்டு வைத்தான். திலகா வந்து தன் போனில் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

கிராப் காப்பாரைத் தாண்டியது. ஜெராம் வந்ததும் திலகா அழ ஆரம்பித்தாள். அண்ணன் தெரிந்தா செய்தது, மருளில் செய்ததற்கு மனிதன் என்ன செய்வான் என்றாள். டாக்டர் போலீஸ் என்றால் போலீஸா, யாரிடமும் எதுவும் சொல்லாதே என்றாள். தன் படிப்பும் இந்த வீடும் இந்தக் குடும்பத்தின் மானமும் அண்ணன் தலையில்தான் நிற்கிறது என்றாள். எல்லாம் உண்மைதான். உண்மையாக இருந்ததால் புஷ்பவள்ளிக்குக் கோபம் வந்தது. அவளுக்காகவும் யாராவது இப்படி ஒரு தடவை அழுதிருக்கலாம்.

அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குள் திரும்பும்போதே கேட்டுக்கு வெளியே கூட்டம் தெரிந்தது. ஆண்கள் எல்லாம் தூரத்தில்தான் நின்றார்கள்.

சன்னாசி மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். வாளி கவிழ்ந்து கிடந்தது. சோப்பு நுரையும் ரத்தமும் ஒன்றாகக் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. அவன் சுவரோரம் சாய்ந்திருந்தான். ஒரு காது கிழிந்து தொங்கியது, தோளில் சட்டையோடு சேர்ந்து ஒரு ஓட்டை. லோகேஸ்வரன் கையில் இருந்தது குலை குத்தி லோரியில் எறியும் இரும்புக் கம்பி. முப்பது கிலோ குலையைக் குத்தித் தூக்குகிற முனை அது.

“சொல்லு. அம்மா கழுத்த நெரிச்சது நீதானே. உன் வாயால சொல்லு.”

“ஆமாண்டா, நான்தான். குத்து,” என்றான் சன்னாசி.

திருவிழாவில் முதல் வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன் சன்னாசி. புஷ்பவள்ளி திகைத்துப்போனாள். அவன் சொன்ன பொய் லோகேஸ்வரனை அடக்கவில்லை, இன்னும் வெறியேற்றியது. கம்பி இறங்கியது. சன்னாசி உருண்டான், அது சிமெண்டில் பட்டுத் தீப்பொறி பறந்தது. அடுத்தது தொடையில் இறங்கியது. சன்னாசி போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

புஷ்பவள்ளி கத்தினாள். நிறுத்துடா என்று உயிர் போகக் கத்தினாள். பக்கத்தில் நின்ற சின்னத்தாய்க்குக்கூடக் கேட்கவில்லை. அவள் பாய்ந்து மகனின் முதுகைப் பிடித்தாள். யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் முழங்கையால் ஓர் இடி இடித்தான். வேலிக்கம்பியில் போய் விழுந்தாள். பல் உதட்டைக் கிழித்தது.

எழுந்தபோது கையில் சிக்கியது மோட்டார் ஹெல்மெட். அதை இரண்டு கையாலும் பிடித்து, மகனின் வலது முழங்கையில் இறக்கினாள். எலும்பில் பட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. மறுபடி இறக்கினாள். கம்பி விழுந்தது. அவன் திரும்பினான், மூன்றாவது அடி நெற்றியில் விழுந்தது. பத்து வயதுக்கு மேல் அவனை அவள் அடித்ததே இல்லை. இன்றைக்கு அடிப்பதை நிறுத்த முடியாதோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கடைசியில் ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தாள். திலகா ஓடிவந்து கம்பியைக் காலால் கால்வாய்க்குள் தள்ளினாள்.

நெற்றியில் ரத்தம் வழிய அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். புஷ்பவள்ளி அவன் எதிரில் மண்டியிட்டாள். சொல்லக் குரல் இல்லை, அதனால் சொல்லவில்லை. அவனுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கித் தன் கழுத்தில் வைத்தாள். நான்கு விரலையும் இடது பக்கம் மடக்கினாள். கட்டைவிரலை வலது பக்கத்தில், டாக்டர் காட்டிய அந்த இடத்தில் பதித்தாள். சரியாகப் பொருந்தியது.

அவன் கையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

“தெரியாமலா இருக்கேன்?” என்றான் மெல்ல. பிறகு அவள் கண்ணைப் பார்க்காமல், “அன்னைக்கி மருள் வரல மா,” என்றான்.

திருவிழாவன்று காலையில் உலு யாமிலிருந்து போன் வந்ததாம். அம்மா என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்களாம். சுருட்டைப் பற்ற வைத்தபோதே சாமி வரவில்லை என்று தெரிந்ததாம். ஊர் காத்திருக்கிறதே என்று ஆடினானாம். வரிசையில் அம்மாவின் முகம் வந்தது. அப்பன் கையாக இருக்கட்டும், இல்லையென்றால் யாராவது கெட்டவனின் கையாக இருக்கட்டும், தன் கையாக மட்டும் இருக்க வேண்டாம் என்றுதான் இன்று காரை விரட்டிக்கொண்டு வந்தானாம். விக்கி விக்கிச் சொன்னான். அம்மா, அப்பா, திலகா மூவரைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.

புஷ்பவள்ளிக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் சாமி பெயரைச் சொல்லி இந்தத் தொண்டையில் சோற்றை இறக்கியிருக்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் திருநீறு பூசியிருக்கிறாள். உலு யாமில் தான் சொன்னது பொய்யாகிவிடாதா என்று உள்ளூர எத்தனை ஆசைப்பட்டிருந்தாள் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் மகனின் கையைக் கழுத்திலிருந்து எடுத்துக் கீழே விட்டாள். வெறுப்பாக இருந்தது. பெற்ற பிள்ளைமேல் இப்படி ஒரு வெறுப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

யாரோ போன் செய்திருக்க வேண்டும். கோலா சிலாங்கூரிலிருந்து போலீஸ் கார் வந்து நின்றது. பின்னாலேயே ஆம்புலன்ஸ், அதன் சைரனை அணைக்காமல். இறங்கியவள் கோப்ரல் சந்திரிகா; கூடவே ஒரு மலாய்க் கான்ஸ்டபிள். ரத்தத்தைப் பார்த்தாள், நெற்றி உடைந்தவனைப் பார்த்தாள், உதடு கிழிந்தவளைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள்.

“நான்தாங்க,” என்றான் சன்னாசி தரையிலிருந்தே. “பொண்டாட்டி கழுத்த நெரிச்சது நான். என்ன கூட்டிட்டுப் போங்க.”

வாழ்நாளில் அவன் செய்த முதல் நல்ல காரியம் ஒரு பொய்யாகப் போயிற்று. புஷ்பவள்ளி தலையை ஆட்டினாள், இல்லை என்று. தாடைக்காக இந்த ஆள் ஒரு நாளும் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவில்லை. இப்போது செய்யாததற்குப் போய் எல்லாவற்றையும் கழுவிக்கொள்ளப் பார்க்கிறான். செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிறான். இருவருக்கும் நடுவில் அவள் கழுத்து.

“அக்கா, நீங்க சொல்லுங்க,” என்றாள் சந்திரிகா. “யாரு செஞ்சது?”

பெரட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி புஷ்பவள்ளி நிமிர்ந்து நின்றாள். புருஷனைக் காட்டினாள். மகனைக் காட்டினாள்.

“ரெண்டு பேரும்.”

சைரனில் அது கரைந்தது. சந்திரிகா குனிந்து காதைக் கொடுத்தாள். புஷ்பவள்ளி திரும்பச் சொன்னாள். கிழிந்த உதட்டில் ரத்தக் குமிழிதான் வந்தது. சந்திரிகா அலுத்துப்போய்த் திலகாவிடம் திரும்பினாள். “நீதானே மகள்? அம்மா என்னா சொல்றாங்க?”

ஒன்றரை மாதமாக அம்மாவின் வாய் திலகாதான். கிளினிக்கிலும் கடையிலும் தோட்டத்து ஆபீஸிலும் அம்மா காற்றாக விட்டதை அவள்தான் வார்த்தையாக்கினாள். ஒரு எழுத்தைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. திலகா அண்ணனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

“அப்பாதான் செஞ்சாருன்னு சொல்றாங்க,” என்றாள். “அண்ணன் தடுக்க வந்துச்சாம்.”

“ஆமாங்க, அதான் நடந்தது,” என்றான் சன்னாசி. லோகேஸ்வரன் தலையைத் தூக்கவில்லை. மறுக்கவும் இல்லை. கேட்டோரம் நின்ற சின்னத்தாய், எங்களுக்குத் தெரியாதா, அந்த ஆள் கை நீட்டுகிறவன்தானே என்று ஒத்து ஊதினாள்.

புஷ்பவள்ளி கத்தினாள். இல்லை என்று கத்தினாள், பொய் என்று கத்தினாள், அடி பாவி என்று மகளின் முகத்துக்கு நேராகக் கத்தினாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கூட்டத்தில் ஒருத்தி, பாவம், மூச்சுத் திணறுகிறது போல, தண்ணீர் கொடுங்கள் என்றாள்.

சந்திரிகா பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தாள். சன்னாசியின் பெயரை முடிப்பதற்குள், ரத்தமும் சோப்பு நுரையும் ஒட்டியிருந்த ஒரு கை பேனா பிடித்த அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தது. மலாய்க் கான்ஸ்டபிள் வந்து விலக்கப் பார்த்தான். திலகா வந்து, விடும்மா, விட்டுடும்மா என்று விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். புஷ்பவள்ளி விடவில்லை.